புது விமானிக்கு எந்த விமானம்?

விமானியாகச் சேர்ந்திருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் நம்மவர்கள் முதலில் கேட்பது சம்பளம். அடுத்துக் கேட்பது, "ஏ380 ஓட்டுவீங்களா?" பெரிய விமானம் ஓட்டுபவரே பெரிய விமானி என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிக் கிடக்கிறது. சாங்கிக்குப் பக்கத்தில், பிடோக்கில் குடியிருப்பவர்களிடம் அது சற்று அதிகம் என்பேன். பிடோக் படகுத்துறையில் தூண்டில் போட வருபவர்கள்கூடக் கிழக்கே தாழ்ந்து இறங்கும் விமானம் இன்னதென்று சொல்லிவிடுவார்கள்.

நான் தங்கிப் படிப்பது பிடோக்கில் உள்ள பெரியம்மா வீட்டில். அவருடைய மகன், என் அண்ணன், பயிற்சி முடித்து ஒரு விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. அவருக்கு ஒதுக்கப்பட்டது ஏ320. "சின்ன பிளேனா?" என்று பெரியப்பா கேட்டார். அண்ணன் சிறிதும் வருந்தவில்லை. ஏன் வருந்தவில்லை என்பதை அவரிடம் கேட்டும் தேடிப் படித்தும் அறிந்துகொண்டதையே இங்கு எழுதுகிறேன். நம் சங்கத்திலேயே இத்துறையை மனத்தில் வைத்திருக்கும் பொறியியல் மாணவர்கள் சிலர் இருக்கிறார்கள்.

முதலில் ஓர் அடிப்படைச் செய்தி. கார் உரிமம் பெற்றவர் டொயோட்டாவும் ஓட்டலாம், ஹோண்டாவும் ஓட்டலாம். பெரிய விமானங்களில் அது நடவாது. ஒவ்வொரு விமான வகைக்கும் தனித்தகுதி பெறவேண்டும். இதை வகைத் தகுதி எனலாம். ஏ319, ஏ320, ஏ321 ஆகியவை ஒரே குடும்பம் என்பதால் ஒரு தகுதி போதும். போயிங் 777 ஓட்டுபவர் 787க்கு மாறுவதும், ஏ330 ஓட்டுபவர் ஏ350க்கு மாறுவதும் சில நாள் வேறுபாட்டுப் பயிற்சியில் முடிந்துவிடும். அந்த விமானிக்கூடங்களை அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். ஏர்பஸ்ஸிலிருந்து போயிங்குக்குத் தாவுவது பெரிய மாற்றம். ஏர்பஸ்ஸில் விமானியின் பக்கவாட்டில் சிறிய கைப்பிடி. போயிங்கில் மார்புக்கு நேரே பெரிய சுக்கான். ஆகவே முதலில் கிடைக்கும் விமானம் ஒருவருடைய அடுத்த சில ஆண்டுகளைத் தீர்மானித்துவிடுகிறது.

வகைத் தகுதிக்கான பயிற்சி வகுப்பறையில் தொடங்குகிறது. எரிபொருள், மின்சாரம், நீரழுத்தம், காற்றழுத்தம் என்று அந்த விமானத்தின் ஒவ்வோர் அமைப்பையும் படிக்கவேண்டும். பிறகு சிமுலேட்டர். ஒரு இயந்திரம் அணைவது, தீப்பிடிப்பது, விமானிக்கூடத்தில் புகை சூழ்வது என்று வாழ்நாளில் ஒருமுறைகூட நேராமல் போகக்கூடியவற்றை அங்கே வாரக்கணக்கில் பழகுகிறார்கள். செலேத்தாரில் ஏர்பஸ் நிறுவனமும் சிங்கப்பூர் ஏர்லைன்சும் கூட்டாக நடத்தும் பயிற்சி நிலையம் 2016இல் திறக்கப்பட்டது. பல நாட்டு விமானிகள் அங்கு வந்து பயில்கிறார்கள். அடுத்து, பயணிகள் இல்லாத உண்மையான விமானத்தில் ஏறி இறங்கும் பயிற்சி. 2006இல் அனைத்துலக அமைப்பு கொண்டுவந்த பல்பணியாளர் விமானி உரிம முறையில் மொத்தப் பயிற்சியே குறைந்தது 240 மணி நேரந்தான்; அதிலும் பெரும்பகுதி சிமுலேட்டரில். அதனால் இந்த உண்மையான தரையிறக்கங்களுக்கு மதிப்பு அதிகம். விதிப்படி 12 முறை இறங்க வேண்டும்; சில நாடுகளில் 6 ஆகக் குறைத்துக்கொள்ள இடமுண்டு. அதன் பின்னரே பயிற்சிக் கேப்டன் ஒருவரின் பக்கத்தில் அமர்ந்து பயணிகளோடு பறக்கலாம். தொடக்கத்தில் மூன்றாவதாக இன்னொரு விமானியும் பின்னிருக்கையில் இருப்பார். அண்ணனுக்கு முதலில் கொஞ்சம் கூச்சமாக இருந்ததாம்.

சரி, விமானத்தைத் தேர்ந்தெடுப்பது யார்? சிங்கப்பூரில் பெரும்பாலும் நிறுவனந்தான். எந்தப் பிரிவில் ஆள் குறைவோ அங்கே புதியவர் போகிறார். விருப்பத்தைக் கேட்டாலும் அது விருப்பமாகவே நின்றுவிடலாம். அமெரிக்காவில் வேறு விதம். அங்கே சேர்ந்த நாளன்றே ஒவ்வொருவருக்கும் ஒரு மூப்பு எண் கிடைக்கும். விமானம், ஊர், விடுமுறை, கேப்டன் பதவி எல்லாம் அந்த எண்ணின் வரிசையில்தான். ஒரே நாளில் இருபது பேர் சேர்ந்தால் சில நிறுவனங்களில் வயதில் மூத்தவருக்கே முன்னெண். திறமைக்கு அங்கே இடமில்லை என்பது எனக்கு முதலில் வியப்பாக இருந்தது. ஆனால் யார் தயவும் தேவையில்லை என்பதால் விமானிகள் அம்முறையைக் கைவிட மறுக்கிறார்கள்.

இந்தியாவில் நிலைமை இன்னும் கடினம். பயிற்சிச் செலவோடு வகைத் தகுதிக்கும் பல இலட்சம் ரூபாயைச் சொந்தமாகச் செலுத்துபவர்கள் அங்கு ஏராளம். எந்த விமானத்தில் தகுதி பெறுவது என்பது அவர்களுக்கு ஏறத்தாழ ஒரு சூதாட்டம். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றபோது அதன் விமானிகளில் பலர் 737 தகுதி பெற்றவர்கள். நாட்டின் மிகப் பெரிய நிறுவனமான இண்டிகோவோ ஏ320 பறக்கவிடுவது. 737 வைத்திருந்த ஸ்பைஸ்ஜெட், ஜெட்டின் விமானங்களையும் விமானிகள் பலரையும் எடுத்துக்கொண்டது. மற்றவர்கள் வெளிநாடு போனார்கள், அல்லது மறுபடியும் பயிற்சிக்குப் போனார்கள்.

இனி அண்ணன் ஏன் வருந்தவில்லை என்பதற்கு வருகிறேன். ஒரு நாள் அவரிடமே கேட்டேன்.

"அண்ணே, ஏ350 கெடைக்கலயேன்னு உங்களுக்குத் தோணவே இல்லயா?"

"தோணுச்சு தம்பி. ஆனா கணக்குப் பாரு. போன மாசம் நான் பதினாறு தடவ தரையெறக்குனேன். என்கூடப் படிச்சவரு ஒருத்தரு பெரிய பிளேன்ல இருக்காரு. அவருக்கு ரெண்டு."

கணக்கு எளிது. கோலாலம்பூருக்குப் பறந்து திரும்பினால் ஒரே நாளில் இரண்டு தரையிறக்கம். விமானிக்கூடத்தில் இருவர், ஒருவர் ஓட்ட மற்றவர் கண்காணிப்பார், மாறி மாறிச் செய்வார்கள். ஆக ஆளுக்கு ஒன்று. நியூயார்க் பயணம் பதினெட்டு மணி நேரத்திற்கும் மேல். நான்கு விமானிகள் முறை வைத்துத் தூங்கி எழுந்து ஓட்டுகிறார்கள். அத்தனை மணி நேரத்தின் முடிவில் தரையிறக்கம் ஒன்றே ஒன்று. அதுவும் நால்வரில் ஒருவருக்குத்தான். உரிம விதிப்படி 90 நாள்களில் மூன்று முறை ஏறி மூன்று முறை இறங்கியிருக்கவேண்டும். தொலைதூர விமானிகளில் சிலர் அந்தக் கணக்கை நிறைவு செய்யச் சிமுலேட்டருக்குப் போகிறார்கள். குவாண்டாஸ், கேத்தே பசிபிக் போன்றவற்றில் இரண்டாம் அதிகாரி என்றொரு பதவி உண்டு. விமானம் உயரத்தில் சீராகப் பறக்கும் நேரத்தில் மட்டுமே அவர் இருக்கையில் அமர்வார். ஏற்றமும் இறக்கமும் அவருக்கு இல்லை. இருபத்து மூன்று வயதில் கை பழக வேண்டியவருக்கு 575 டன் ஏ380ஐவிட 79 டன் ஏ320 நல்ல பள்ளிக்கூடம் என்பது என் முடிவு. பெரியப்பா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

பெரிய விமானம் பாதுகாப்பான வேலை என்பதும் உறுதியில்லை. 2020 மார்ச்சில் கொவிட் தொற்றால் சிங்கப்பூர் ஏர்லைன்சின் ஏ380கள் முற்றாக நின்றன. 777களும் ஏ350களும் சரக்காவது ஏற்றிப் பறந்தன. ஏ380 மீண்டும் பயணிகளை ஏற்றியது 2021 நவம்பரில். அதற்குள் 19ஆக இருந்த அவற்றின் எண்ணிக்கையை 12ஆகக் குறைக்க முடிவாகிவிட்டது. ஒரே நிறுவனம், ஒரே உரிமம். ஆனால் எந்த வகையில் தகுதி என்பதைப் பொறுத்து ஒருவர் பறந்தார், மற்றவர் ஒன்றரை ஆண்டுக்கு மேல் காத்திருந்தார். சிறிய விமானத்திற்கும் கண்டம் உண்டு. 737 மேக்ஸ் 2019 மார்ச்சில் உலகெங்கும் தரையிறக்கப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

புதியவருக்கு விமானம் பழகுவதைவிட வேலை பழகுவதே கடினம் என்கிறார் அண்ணன். முதலில் வானொலிப் பேச்சு. ஜகார்த்தா, பேங்காக், சென்னை என்று ஊருக்கொரு உச்சரிப்பு. ஒவ்வொரு நிறுவனத்திற்கும் ஓர் அழைப்புப் பெயர் உண்டு. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 'ஸ்பீட்பேர்ட்'. நம் ஸ்கூட் நிறுவனத்தின் பெயர் 'ஸ்கூட்டர்'! முதன்முறை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டாவது, நம் வளர்ப்போடு மோதுவது. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்ந்தவர்கள் நாம். துணை விமானியோ, இருபது ஆண்டு மூத்த கேப்டனிடம் "வேகம் குறைகிறது" என்று அந்த நொடியே சொல்லவேண்டும். 1997 ஆகஸ்டு 6இல் கொரியன் ஏர் 801 குவாமில் மலையில் மோதி 228 பேர் இறந்தனர். கேப்டன் இறங்குமுறையைச் சரிவரச் செய்யவில்லை. உடனிருந்த துணை விமானியும் பொறியாளரும் அவரைப் போதிய அளவு கண்காணித்துச் சரிபார்க்கவில்லை என்றது அமெரிக்க விசாரணை அறிக்கை. இன்று பெரும்பாலான நிறுவனங்களில் இருவரில் யார் "கோ அரவுண்ட்" என்று சொன்னாலும் தரையிறக்கத்தைக் கைவிட்டு மேலே ஏறியாக வேண்டும். விளக்கம் கேட்பது அப்புறம். வீட்டில் பெரியப்பாவை எதிர்த்து ஒரு சொல் பேசாத அண்ணன், அந்தச் சொல்லைப் பயிற்சியில் உரக்கச் சொல்லிப் பழக வேண்டியிருந்ததாம்.

மூன்றாவது, தூக்கம். குறுந்தூர விமானிக்கு நேர வேறுபாட்டால் உடல் குழம்புவது குறைவு; ஆனால் வேலை விடியற்காலை மூன்று மணிக்கும் தொடங்கும், நள்ளிரவிலும் தொடங்கும். இரவு திருச்சிக்குப் போய் விடியலில் திரும்பினால் காலை எட்டு மணிக்குப் படுக்கை. வீவக அடுக்குமாடியில் சுவர் இடிக்கும் புதுப்பிப்பு வேலைக்கு வார நாள்களில் அனுமதிக்கப்பட்ட நேரம் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து! மேல்வீட்டில் வேலை நடந்த மாதத்தில் பெரியம்மா, அந்த வீட்டுக்காரரிடம் போய் அண்ணனின் பணி அட்டவணையையே கொடுத்துவிட்டு வந்தார். அவரும் நல்ல மனிதர், முடிந்தவரை ஒத்துழைத்தார். தீபாவளி, பொங்கல், நண்பர் திருமணம் எதற்கும் வாக்குக் கொடுக்க முடியாது. புதியவருக்கு விடுமுறை வரிசையில் கடைசி இடம்.

சிறிய விமானம் தரும் ஒன்றைப் பெரியது எளிதில் தராது. நம் ஊர்களுக்குப் போகும் வழி அது. இண்டிகோ விமானி பிரதீப் கிருஷ்ணன் 2024இல் சென்னையிலிருந்து கோவைக்கு ஓட்டிய பயணத்தில் தம் தாயாரும் தாத்தா பாட்டியும் இருந்ததைத் தமிழில் அறிவித்து வரவேற்ற காணொளியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். தாத்தாவின் டிவிஎஸ் 50இல் பின்னால் உட்கார்ந்து போனவர் அவர். அன்று அவர் தாத்தாவை ஏற்றிச் சென்றார். அண்ணனும் திருச்சிப் பயணங்களில் தமிழில் இரண்டு வரி அறிவிப்பதுண்டு. கேப்டனிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்வாராம்.

சில ஆண்டுகள் போனதும் அண்ணன் முன்னே மறுபடியும் தேர்வு வரும். தொலைதூர விமானத்துக்கு மாறுவதா, இங்கேயே இருந்து கேப்டன் பதவிக்குக் காத்திருப்பதா என்று. மாறினால் மீண்டும் வகுப்பறை, மீண்டும் சிமுலேட்டர். எதைத் தேர்ந்தாலும் ஆறு மாதத்திற்கொரு முறை சிமுலேட்டர் சோதனை இருக்கும். ஆண்டுக்கொரு முறை மருத்துவச் சோதனையும் இருக்கும். இத்துறைக்கு வர எண்ணும் நண்பர்கள் எந்த விமானம் என்று யோசிப்பதற்கு முன், பணம் கட்டுவதற்கும் முன், விமானிகளுக்கான முதல் வகுப்பு மருத்துவச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். கண்ணாடி அணிவது பொதுவாகத் தடையில்லை. நிறம் பிரித்தறிய முடியாமை தடையாகலாம். தொடக்கக் கல்லூரியிலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ தம்பி தங்கைகள் இருந்தால் செலேத்தாரில் உள்ள சிங்கப்பூர் யூத் ஃபிளையிங் கிளப்பைப் பற்றிச் சொல்லுங்கள். 1971இல் தொடங்கிய அந்த மன்றத்தில் சிறிய விமானத்தில் பறந்து பார்த்துவிட்டு, இது நமக்கு ஒத்துவருமா என்று அவர்கள் முடிவு செய்துகொள்ளலாம்.