மிளகும் தேசிக்காயும் ஒரே போத்தலுக்குள்ள

அறுகம்பே கடற்கரையில நிக்கிறன். வெளியூர் ஆக்களுக்குத்தான் இது அறுகம்பே, பொத்துவில் ஆக்கள் நாங்க உல்லை எண்டுதான் சொல்லுவம். இண்டைக்கு வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. இடது மணிக்கட்டில லண்டன் சென்ட் ஒண்டு அடிச்சிருக்கன். வலதுல கல்முனையில வாங்கின சந்தன அத்தர். வெயிலும் உப்புக்காத்தும் ரெண்டையும் என்ன செய்யுது எண்டு ஜும்ஆ முடிஞ்சு வந்து மணந்து பாப்பம்.

இடது கையில அடிச்ச சென்ட் போத்தல் மச்சான் கட்டார்ல இருந்து வரக்குள்ள கொண்டு வந்தது. பேர் 'பிளெனிம் புக்கே'. செய்றது பென்ஹாலிகன்ஸ். வில்லியம் பென்ஹாலிகன் எண்ட, முடி திருத்துற ஒரு மனுசன் 1870கள்ல லண்டன்ல தொடங்கின கடை அது. அவர் செஞ்ச முதல் வாசனைக்குப் பேர் 'ஹம்மாம் புக்கே', வருசம் 1872. பக்கத்தில இருந்த துருக்கிக் குளிப்பகத்து ஆவியையும் மணத்தையும் வச்சுத்தான் அதைச் செஞ்சார். நம்ம ஆக்களுக்குத் தெரிஞ்ச ஹம்மாம்தான். இதைப் படிச்சதில இருந்து எனக்கு அந்தக் கடையில ஒரு தனிப் பாசம்.

பிளெனிம் புக்கே வந்தது 1902ல. பிளெனிம் மாளிகைக்காரர் மார்ல்பரோ பிரபுவுக்காகச் செஞ்சது. புக்கே எண்டா பூச்செண்டு. ஆனா உள்ளுக்கு லாவெண்டரை விட்டாப் பூ எண்டு சொல்ல ஒண்டுமில்ல. எலுமிச்சை, தேசிக்காய், மிளகு, பைன் மரம், அடியில கஸ்தூரி வாசம். இந்த மாதிரி வாசனையைத்தான் 'பிரெஷ் ஸ்பைசி' எண்டு சொல்றாங்க. லாவெண்டர் மாதிரி மூலிகை வாசமும் சேந்தா அதோட 'அரோமாட்டிக்' எண்டும் போடுவாங்க.

இதை உம்மாட்டச் சொன்னன். "மிளகு உறைக்குமே மகன், அதைப் போய் கழுத்தில பூசுறதா?" எண்டு கேட்டா. நல்ல கேள்வி. இந்த வீடியோவே அதுக்குத்தான்.

மிளகின்ட உறைப்பு பைப்பெரின் எண்ட பொருளால வாறது. அது பறக்காது. நாக்குல பட்டாத்தான் தெரியும். மிளகு இடிக்கக்குள்ள தும்முறமே, அது தூள் பறந்து மூக்குல ஒட்டுறதால. மிளகை நீராவியில வடிச்சு எண்ணெய் எடுத்தா பைப்பெரின் சட்டியிலயே தங்கிடும். மேல வாறது லிமொனீன், பைனீன், சபினீன் மாதிரி லேசான பொருள்கள். அதால மிளகு எண்ணெயில உறைப்பு இல்ல, பச்சை மரத்தை அப்பத்தான் வெட்டின மாதிரி ஒரு வாசம்.

வீட்டில செஞ்சு பாருங்க. நாலு மிளகை உரல்ல போட்டு ஒரு இடி இடிச்சு உடனே மணந்து பாருங்க. இப்ப தேசிக்காய்த் தோலை மடிச்சு நசுக்குங்க, கண்ணுக்குத் தெரியாத ஒரு தூறல் பறக்கும். அதுல கூடுதலா இருக்கிறது லிமொனீன், மிளகில இருந்த அதே பொருள். பண்டாரவளைப் பக்கம் பைன் காட்டுக்குள்ள நடந்தா ஒரு மணம் வருமே, அது பைனீன். அதுவும் மிளகில இருக்கு. தேசிக்காய், மிளகு, பைன் மூணும் வாசத்தில ஒரு குடும்பம். 1902ல அந்தக் கலவையைச் சேத்தவரின்ட மூக்கு எப்படிப்பட்ட மூக்கா இருந்திருக்கும் எண்டு நினைச்சா எனக்கு இப்பவும் ஆச்சரியம்தான்.

இந்தக் குடும்பத்துக்கு ஒரு குறை. கெதியாப் பறந்திடும். லிமொனீன் கொதிக்கிறது 176 பாகை செல்சியஸ்ல. கராம்பிலயும் கறுவா இலையிலயும் இருக்கிற யூஜினோல் கிட்டத்தட்ட 254ல. சந்தனத்தின்ட சாண்டலோல் 300 அளவில. கொதிநிலை குறையக் குறைய தோல்ல இருந்து எழும்பிப் போற வேகம் கூடும். சென்ட் அடிச்சு அரை மணித்தியாலத்தில "ஒண்டுமே இல்லியே" எண்டு நீங்க நினைக்கிறது இதாலதான். கடைக்காரர் ஏமாத்தினார் எண்டு எடுத்த எடுப்பில சொல்ல ஏலாது.

அத்தரின்ட வழி வேற. உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில செம்புப் பானையில பூவையோ வாசனைச் சரக்கையோ போட்டு, மூடியைக் களிமண்ணால அடைச்சு, மூங்கில் குழாய் வழியா ஆவியைச் சந்தன எண்ணெய்க்குள்ள இறக்குவாங்க. லேசான வாசத்தைப் பாரமான எண்ணெய் பிடிச்சு வைக்குது. வாப்பா ஜும்ஆவுக்குப் போக முன்ன ஒரு துளி பஞ்சில தொட்டு காது மடலுக்குள்ள செருகுவார். அசர் வரைக்கும் அவர் பக்கத்தில போனா மணக்கும். ஒண்டு சொல்லணும், சின்னக் குப்பியில மலிவா வாறது அசல் சந்தன எண்ணெயா இருக்காது. அந்தச் செயற்கைச் சந்தன வாசமும் பாரமானதுதான், நிண்டு பிடிக்கும்.

சென்ட்ல அல்ககோல் இருக்கே, பூசிட்டுத் தொழலாமா எண்டு கேக்குறீங்க. ஆலிம்கள்ட ரெண்டு கருத்தும் இருக்கு. உங்க ஊர் ஆலிமிட்டக் கேளுங்க, அது என்ட வேலையில்ல.

ஆனா இதை நான் சொல்லியே ஆகணும். வாசமா இருக்கு எண்டு தேசிக்காயைத் தோல்ல தேச்சிட்டு இந்தக் கடற்கரை வெயில்ல நிக்க வேணாம். தேசிக்காய்த் தோலில இருக்கிற ஒரு பொருள் சூரிய ஒளி பட்டாச் சுட்டுடும், கொப்புளம் போடும், கறுத்த தழும்பு மாதக்கணக்கில நிக்கும். கறுவாப்பட்டை எண்ணெயும் நேரடியாப் பூசக்கூடாது, எரிஞ்சு தடிச்சிடும். சின்னப் பிள்ளைகள்ட விசயத்தில ரெட்டிப்புக் கவனம்.

எனக்கு ஒரு ஆசை இருக்கு. இலங்கைக் கறுவாவுக்கு 2022ல ஐரோப்பிய ஒன்றியம் புவியியல் குறியீடு குடுத்தது. மிளகு நம்ம நாட்டில விளையுது, தேசி நம்ம வளவிலயே காய்க்குது. எண்ணெயா வெளிநாட்டுக்குப் போறதோட நிக்காம, பெருநாளைக்குக் கல்முனைக் கடைத்தெருவில நம்ம ஆக்கள் கலந்த ஒரு போத்தல் விக்கணும். மூக்குள்ள பிள்ளைகள் நம்மட்ட இருக்காங்க.

சரி, ஜும்ஆ முடிஞ்சு வந்திட்டன். ஒண்டரை மணி. இடது கை: தேசி போயிட்டு, மிளகும் போயிட்டு. நல்லாக் கிட்ட வச்சு மணந்தா காஞ்ச மரவாசம் லேசா இருக்கு, அதுக்கு அடியில கஸ்தூரி. வலது கை அப்படியே இருக்கு. பள்ளியில பக்கத்தில நிண்டு தொழுத காக்கா ஸலாம் குடுத்திட்டு, என்ட வலது கையைத்தான் பிடிச்சு மணந்து பாத்தார். "எந்தக் கடைல தம்பி வாங்கின?" எண்டு கேட்டார்.