தளரும் தசைகள் – 9: இருமல் என்னும் காவல்

பையனுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதாகி, நடை நின்று, சக்கர நாற்காலிக்கு வந்ததும் பல வீடுகளில் வைத்தியமும் நின்றுவிடுகிறது. “இனிமே டாக்டர் மட்டும் என்ன செஞ்சிடப் போறார்?” என்று ஆஸ்பத்திரிக்குப் போவதைக் குறைத்துக்கொள்கிறார்கள். டூஷென் தசைச்சிதைவில் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டிய காலம் தொடங்குவதே அப்போதுதான். டிஸ்ட்ரோஃபின் புரதம் இல்லாமல் தொடைத் தசை கரைந்ததுபோலவே விலாத் தசைகளும், வயிற்றுத் தசைகளும், உதரவிதானமும் வருடா வருடம் வலுவிழக்கின்றன. முதுகெலும்பு வளைந்துவிட்டால் நுரையீரல் விரிய இடமும் குறைகிறது.

ஆனால் பிள்ளைக்கு மூச்சு வாங்காது. மாடிப்படி ஏறினால்தானே மூச்சிரைக்கும்? உட்கார்ந்தே இருக்கிற உடம்பு அதிகக் காற்றைக் கேட்பதில்லை. அதனால் குறை வெளியே தெரியாமலே வளர்கிறது. அது முதலில் தலைகாட்டுவது தூக்கத்தில்.

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில், வராகமூர்த்தி கோயில் குளத்துக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் இப்படி ஒரு பையன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். “அம்மா, திருப்பி விடும்மா” என்று ராத்திரி நாலைந்து தடவை கூப்பிடுகிறான். காலையில் தலையை வலிக்கிறது என்கிறான். தட்டில் வைத்த இட்லி பாதி அப்படியே இருக்கிறது. வகுப்பில் தூங்கி வழிகிறான். “ராத்திரியெல்லாம் போனைப் பார்த்தா தலை வலிக்காம என்ன செய்யும்?” என்று பாட்டி கடிந்துகொள்கிறாள். காரணம் வேறு. தூக்கத்தில் மற்ற தசைகள் ஓய்ந்துபோக, வலுவிழந்த உதரவிதானம் தனியே பாடுபடுகிறது. வெளியேற வேண்டிய கரியமிலவாயு ரத்தத்தில் தேங்குகிறது. காலைத் தலைவலி அதன் அடையாளம். பகலில் விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டினால் 98 காட்டும். வீட்டார் நிம்மதி அடைந்துவிடுவார்கள்.

இந்த நிலையில் வெறும் ஆக்சிஜன் மட்டும் வைப்பது ஆபத்து. ஆக்ஸிமீட்டரில் எண் ஏறும், கரியமிலவாயுவும் கூடவே ஏறும், பிள்ளை மயக்கத்துக்குள் போவது யார் கண்ணுக்கும் படாது. அவனுக்குக் காற்றை உள்ளே தள்ளிக் கொடுக்கும் துணை வேண்டும். மூக்கில் மாஸ்க் வைத்து இரவில் போடும் பைபாப் அதைச் செய்கிறது. அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, “இவனுக்கு டூஷென். ஆக்சிஜன் மட்டும் வைக்காதீங்க, கரியமிலவாயுவைப் பாருங்க” என்று வீட்டார் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். அதை ஒரு தாளில் எழுதிப் பையனின் நாற்காலிப் பையிலேயே வைத்துவிடுவது இன்னும் நல்லது.

பைபாபைப் பற்றியாவது டாக்டர்கள் பேசுகிறார்கள். இருமலைப் பற்றிப் பேசுவோர் குறைவு. இந்தப் பிள்ளைகளில் பலரை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒரு சாதாரண ஜலதோஷம். நமக்கு நெஞ்சில் சளி கட்டினால் இருமித் துப்பிவிடுகிறோம். இருமலுக்கு நெஞ்சு நிறைய மூச்சை இழுக்கவும் வேண்டும், வயிற்றுத் தசையால் அதை வெடித்துத் தள்ளவும் வேண்டும். இரண்டும் முடியாதவனுக்குச் சளி உள்ளேயே தங்கி நிமோனியாவாகிறது.

இருமலின் வேகத்தை அளக்கலாம். ஆஸ்துமாக்காரர்கள் ஊதிப் பார்க்கும் பீக் ஃப்ளோ மீட்டரே போதும். அதற்குள் இருமச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நிமிடத்துக்கு 270 லிட்டருக்குக் கீழே போனால் இருமலுக்குத் துணை வேண்டும் என்று கணக்கு. 160க்கும் கீழே என்றால் சளி தானாக வெளியே வராது.

துணைக்கு லட்சக்கணக்கில் விலையுள்ள இருமல் இயந்திரம் இருக்கிறது. அது இல்லாத வீட்டுக்கு, கையால் அழுத்திக் காற்றை உள்ளே தள்ளும் ஆம்பு பேக் இருக்கிறது, சில ஆயிரம் ரூபாய்க்குள். பையனைச் சாய்த்து உட்காரவைத்து, மாஸ்க்கைக் காற்று கசியாமல் முகத்தில் பொருத்துகிறார்கள். அம்மா பையை ஒரு தடவை அழுத்துகிறாள். அவன் காற்றை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறான். அதன்மேல் இன்னொரு அழுத்து, அதன்மேல் இன்னொன்று. நெஞ்சு நன்றாக மேலேறியதும் மாஸ்க்கை எடுத்துவிட்டு, “இப்போ இருமுடா” என்கிறாள். அவன் இருமும் அதே நொடியில் அப்பா விலாவுக்குக் கீழே இரண்டு கையையும் வைத்து உள்ளும் மேலுமாக அழுத்துகிறார். சளி வாய்க்கு வந்துவிடுகிறது. சாப்பிட்டவுடன் செய்யக் கூடாது. ஃபிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் நின்று கற்றுத்தராமல் தொடங்கவும் கூடாது. கற்றுக்கொண்டுவிட்டால், நெஞ்சுக்கூடு இறுகாமல் இருக்க, சளி இல்லாத நாளிலும் இந்த மூச்சு அடுக்கும் பயிற்சியைச் செய்யலாம்.

இந்தப் பைக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1952-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, இயந்திரம் போதாமல், மருத்துவ மாணவர்கள் முறைபோட்டு உட்கார்ந்து கையால் பையை அழுத்தியே நோயாளிகளைக் காப்பாற்றினார்கள். அதே டென்மார்க்கில் சில ஆண்டுகளில் உருவானதுதான் ஆம்பு பேக். 2020 ஏப்ரலில், கொரோனா நெருக்கடியில், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் விப்ரோ 3டி நிறுவனத்துடன் சேர்ந்து, இதே ஆம்பு பையைத் தானாக அழுத்தும் அவசர வென்டிலேட்டரை வடிவமைத்தது.

ஸ்ரீசித்திரையும், அரிய நோய்களுக்கான உயர்சிறப்பு மையங்களுள் ஒன்றான எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரியும் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. ஸ்ரீவராகத்துக் குடும்பத்துக்கு இரண்டும் அதே ஊர். அந்த வகையில் கொடுத்துவைத்தவர்கள். 2008-லேயே வலிதணிப்புச் சிகிச்சைக்குத் தனிக் கொள்கை வகுத்த மாநிலம் கேரளம். டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் தொடங்கிய பாலியம் இந்தியாவும் இந்த நகரத்தில்தான் இருக்கிறது. நர்ஸ் வீடு தேடி வரும் பழக்கம் அங்கே வேரூன்றிவிட்டது. வலிதணிப்பு என்றால் சாகப்போகிறவனுக்குத்தான் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். வருகிற நர்ஸிடம் மாஸ்க் பொருத்தவும் சளி எடுக்கவும் கேட்டுக்கொள்ளலாம்.

இத்தனையும் செய்து என்ன பலன் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. இங்கிலாந்தின் நியூகாஸல் மருத்துவர்கள் 2002-ல் வெளியிட்டது: 1960களில் டூஷென் பிள்ளைகள் சராசரியாக 14.4 வயதில் இறந்தார்கள்; 1990க்குப் பிறகு வென்டிலேட்டர் துணை பெற்றவர்களுக்கு அது 25.3 வயது. நோயைக் குணமாக்கும் மருந்து எதுவும் இல்லாமலே கிடைத்த வருடங்கள் இவை. ஒரு பிள்ளை பள்ளி முடித்து, கல்லூரிக்கும் போய்வரக்கூடிய வருடங்கள்.

தமிழ்நாட்டிலும் வழி இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே ஃபிசியோதெரபிஸ்ட் வருகிறார். அவர் கையில் ஒரு பீக் ஃப்ளோ மீட்டரும் ஆம்பு பேக்கும் கொடுத்து, இருமவைக்கும் முறையில் பயிற்சியும் தந்துவிட்டால் பெரிய செலவில்லாமல் பல உயிர்கள் நீளும். சுகாதாரத் துறை இதைச் செய்ய வேண்டும்.

பெற்றோருக்கு: பிள்ளை நடந்துகொண்டிருக்கும்போதே, ஐந்தாறு வயதிலிருந்து வருடம் ஒருமுறை நுரையீரல் கொள்ளளவை அளக்கச் சொல்லுங்கள். நடை நின்றபின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இருமல் வேகத்தையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டு எண்களையும் தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஃப்ளூ, நிமோகாக்கல் தடுப்பூசிகளைத் தவறவிடாதீர்கள். காலையில் தலைவலி என்று பிள்ளை சொன்னால், அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள்.

(தொடரும்)