காட்டு வேலைக்குக் கட்டிக்கொண்டு போக அரசாணி–கடலை வில்லை



விடிஞ்சதும் இரண்டு பேரும் காட்டுக்குக் கிளம்பிடறீங்க. குழந்தையையும் கூடவே தூக்கிக்கிட்டுப் போறீங்க. உச்சிப்பொழுதில் வேகவைத்த குச்சிக்கிழங்கு, கூடவே ஒரு டம்ளர் டீ. வயிறு நிறைஞ்சுடுது. ஆனால் உடம்புக்கு வேண்டிய சத்து கிடைத்ததா? இதைத்தான் சற்று யோசிக்க வேண்டும்.

குச்சிக்கிழங்கு பசியை அடக்கும், தெம்பு கொடுக்கும். அதில் பெரும்பாலும் மாவுச்சத்துதான் உண்டு. 100 கிராம் கிழங்கில் புரதம் சுமார் 1 கிராம் மட்டுமே. 100 கிராம் ராகியில் சுமார் 7 கிராம் புரதமும், எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து 300 மில்லிகிராமுக்கு மேலும் இருக்கிறது. 100 கிராம் நிலக்கடலையில் சுமார் 25 கிராம் புரதம் உண்டு.

நம் கொல்லிமலையில் ஒரு காலத்தில் ராகியும் சாமையும் தினையும்தான் பிரதான ஆகாரம். ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு விற்றால் கையில் காசு கிடைத்தது. அதனால் சிறுதானியக் காடுகள் கிழங்குக் காடுகளாக மாறின. தானியத்தை உரலில் குத்திப் புடைக்கும் பாடும் பெண்கள் தலையிலேயே விழுந்தது. 1990-களிலிருந்து எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே சிறுதானியங்களைக் காக்கவும், மாவு அரைக்கும் இயந்திரங்கள் கிடைக்கவும், மகளிர் குழுக்கள் பலகாரம் செய்து விற்கவும் உதவி வந்திருக்கிறது. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. உலகமே தேடும் தானியம் நம் வீட்டுக் குதிரில் இல்லாமல் போகலாமா?

"சரிங்க, காட்டுல அடுப்பு மூட்டிக் களி கிண்ட முடியுமா?" என்று கேட்பீர்கள். வேண்டாம். வீட்டிலேயே வில்லை சுட்டு, துணியில் முடிந்து எடுத்துப் போங்கள்.

வேண்டிய சாமான்கள் (16 வில்லைக்கு)

வேகவைத்து மசித்த அரசாணிக்காய் (மஞ்சள் பூசணி, பரங்கி என்றும் சொல்வர்) – 1 டம்ளர்
நிலக்கடலை – 1 டம்ளர்
ராகி மாவு – 2 டம்ளர்
பொடித்த வெல்லம் – முக்கால் டம்ளர்
உப்பு – ஒரு சிட்டிகை; சுக்குத்தூள் கொஞ்சம்

செய்முறை

1. கடலையை வறுத்து, தோல் நீக்கி, எண்ணெய் கசிந்து விழுதாகும்வரை அம்மியிலோ மிக்சியிலோ அரையுங்கள். பூஞ்சணம் பிடித்தது, கறுத்தது, கசப்பது எல்லாவற்றையும் முதலிலேயே பொறுக்கி எறிந்துவிடுங்கள். பூஞ்சண நஞ்சு ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுவதும் போகாது.

2. ராகி மாவை வாசம் வரும்வரை வறுத்து ஆறவிடுங்கள். அரசாணி மசியலில் தண்ணீர் நின்றால் அடுப்பில் வைத்துக் கிளறி வற்றவிடுங்கள்.

3. எல்லாவற்றையும் சேர்த்து அடைமாவுப் பதத்துக்குப் பிசையுங்கள். எண்ணெய் தடவிய தட்டில் ஒரு விரல் கனத்துக்குத் தட்டி, 16 துண்டாகக் கீறுங்கள்.

4. அடி கனமான சட்டியில் இரண்டு விரல் உயரம் மணல் பரப்பி, மூடிப் பத்து நிமிடம் சூடாக்குங்கள். மணல்மேல் மூன்று சிறு கற்கள் வைத்து, அதன்மேல் தட்டை வையுங்கள். மூடிபோட்டு, சிறு தீயில் 30 முதல் 40 நிமிடம் விடுங்கள். ஈர்க்குச்சியால் குத்தினால் மாவு ஒட்டக் கூடாது.

நன்றாக ஆறிய பிறகே முடியுங்கள். காயில் ஈரம் இருப்பதால் இரண்டு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம்.

ஒரு வில்லையில் சுமார் 120 கலோரியும் 3 கிராம் புரதமும் கிடைக்கும். அரசாணியின் மஞ்சள் நிறம் உடம்பில் வைட்டமின் 'ஏ' ஆக மாறிக் கண்ணைக் காக்கும். அது உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். அதைக் கடலை கொடுக்கிறது.

யாருக்கு எவ்வளவு?

ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு அரை வில்லை. பாலிலோ வெந்நீரிலோ ஊறவைத்து மசித்துக் கொடுங்கள். மூன்று வயதுக்கு மேல் ஒன்று. கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் இரண்டு. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு வெல்லமும் உப்பும் சேர்ந்த இந்த வில்லை வேண்டாம், மலைத்தேனும் கூடாது.

ஐந்து வயதுக்குள் முழுக்கடலை கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். கடலை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. முதல் தடவை துளி கொடுத்துப் பாருங்கள். தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் கண்டால் உடனே 108-ஐ அழையுங்கள்.

வில்லையோடு டீ குடிக்காதீர்கள். சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை டீ உடம்பில் சேரவிடாது. பதிலாக ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ சாப்பிடுங்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள 100 பெண்களில் 53 பேருக்கு இரத்தசோகை. வில்லை துணைதான், செவிலியர் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கு ஈடாகாது. அந்திப்பொழுதில் குழந்தை தட்டுத்தடுமாறினால் மாலைக்கண்ணாக இருக்கலாம். "தானா சரியாயிடும்" என்று இருந்துவிடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிச் செல்லுங்கள். ஒன்பது மாதம் முதல் ஐந்து வயது வரை கொடுக்கப்படும் வைட்டமின் 'ஏ' சொட்டு மருந்தையும் தவறவிடாதீர்கள்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. கடலையை வறுப்பதும் அரைப்பதும் உங்கள் வேலையாக இருக்கட்டும். பகலெல்லாம் உங்களோடு சரிசமமாகப் பாடுபட்டவள் இராத்திரியும் தனியாக அம்மியில் குனிய வேண்டுமா? வீட்டில் எல்லாருக்கும் வைத்துவிட்டு மிச்சத்தை அவள் தின்பது பழக்கம். முதல் வில்லையை அவள் கையில் கொடுங்கள். அடுத்த பட்டத்தில் கிழங்குக் காட்டின் ஒரு மூலையில் ராகி தூவி, வரப்போரம் நாலு அரசாணி விதை ஊன்றுங்கள். உங்கள் குழந்தையின் கண்ணுக்கும் எலும்புக்கும் வேண்டியது உங்கள் காட்டிலேயே விளையும்!