சூடாக்கும்போதே நின்றுவிடும் மைக்ரோவேவ் ஓவன்: மெக்கானிக்கை அழைக்கும் முன் பார்க்க வேண்டியவை

அரிசி, பருப்பு, எண்ணெய் என்றிருந்த நமது மளிகைக் கடைகள் பலவற்றில் இன்று பப்ஸ், சமோசா, பன் வகைகளும் விற்பனையாகின்றன. அவற்றைச் சூடாக்கிக் கொடுக்கக் கல்லாவுக்குப் பக்கத்தில் மைக்ரோவேவ் ஓவனும் வந்துவிட்டது. மாலை நேரத்து வியாபாரத்தில் அது பாதியில் நின்றால் நமக்கு நஷ்டம் இரண்டு வகை. காத்திருக்கும் வாடிக்கையாளர் போய்விடுவார். மெக்கானிக் கூலியும் உதிரிபாக விலையும் பல நாள் லாபத்தைக் கொண்டுபோய்விடும். ஆனால் பல சமயங்களில் காரணம் ஓவனுக்குள் இல்லை. நம் கடையிலேயே இருக்கிறது. எப்படி நின்றது என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

ஏன் நிற்கிறது?

சுமார் 1,200 வாட் மின்சாரம் எடுக்கும் ஓவனில் உணவுக்குப் போய்ச் சேருவது 700 அல்லது 800 வாட்தான். மீதியில் பெரும்பகுதி, அலைகளை உண்டாக்கும் மாக்னெட்ரானிலும் மற்ற பாகங்களிலும் வெப்பமாகிறது. அதை வெளியேற்ற உள்ளே ஒரு ஃபேன் உண்டு. சூடு அளவு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்க ஒரு சிறு சுவிட்சும் உண்டு. ஆகவே ஓவன் தானாக நிற்பது பல வேளைகளில் அது தன்னைக் காத்துக்கொள்ளும் வழியாகும்.

எல்லாம் ஒருசேர அணைந்தால்

விளக்கும் எண் திரையும் ஒன்றாக அணைந்து, திரும்ப வரும்போது கடிகாரம் அழிந்திருந்தால், முதலில் மின் இணைப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். 230 வோல்ட்டில் 1,200 வாட் என்றால் 5 ஆம்பியருக்கு மேல் ஓடுகிறது. இது சாதாரண 5 அல்லது 6 ஆம்பியர் பாயிண்டின் எல்லையைத் தொடும் அளவு. கிரில், கன்வெக்‌ஷன் வசதி உள்ளவை இன்னும் அதிகம் இழுக்கும். ஓவனுக்கு எர்த்துடன் கூடிய 16 ஆம்பியர் பவர் பாயிண்ட் தனியாக வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பின்கள் கறுத்தோ இளகியோ இருந்தால் எலெக்ட்ரீஷியனை அழைத்துப் பாயிண்டை மாற்றிவிடுங்கள்.

ஐஸ்கிரீம் ஃப்ரீசரும் ஓவனும் ஒரே லைனில் இருந்தால், ஃப்ரீசரின் கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் வோல்டேஜ் இறங்கும். அப்போது ஓவன் அணைந்து வரலாம். ஸ்டெபிலைசர் வைப்பவர்கள் டிவிக்கு வாங்கியதை மாட்டிவிடக் கூடாது. 1,200 வாட் ஓவனுக்கு 2 கேவிஏ அளவாவது தேவை. விளக்குக்கும் ஃபேனுக்கும் வாங்கிய சிறிய இன்வெர்ட்டர் இந்தச் சுமையைத் தாங்காது.

திரை எரிகிறது, ஓட்டம் நிற்கிறது என்றால்

எண் திரை எரிந்துகொண்டிருக்க, சுழலும் தட்டும் சூடும் மட்டும் நின்றால் கதவைப் பாருங்கள். கதவுக் கொக்கிகளின் பின்னால் வழக்கமாக மூன்று சிறு சுவிட்சுகள் இருக்கும். கதவு முழுதாக மூடவில்லை என்று அவற்றுக்குத் தோன்றினால் ஓவன் ஓடாது. பப்ஸ் துகளும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தாலும், அவசரத்தில் கதவை அறைந்து அறைந்து கொக்கி தளர்ந்தாலும் இப்படி ஆகும். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஈரத் துணியால் கதவின் ஓரத்தையும் கொக்கியையும் துடைத்துப் பாருங்கள். சரியாகாவிட்டால் மெக்கானிக் வேலைதான். கதவைக் கையால் அழுத்திப் பிடித்தபடி ஓட்டக் கூடாது. "சுவிட்சை நேராக இணைத்துவிடலாம்" என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். அந்தப் பாதுகாப்பு போனால் கதவு திறந்திருக்கும்போதும் அலைகள் வெளிவரக்கூடும். கண்ணையும் உடம்பையும் சுட்டுவிடும்.

சற்று நேரம் விட்டால் மீண்டும் ஓடினால்

சில நிமிடம் ஓடி நின்று, அரை மணி நேரம் கழித்து ஒழுங்காக ஓடினால், மிகை வெப்பம்தான் காரணமாக இருக்கக்கூடும். நம் கடைகளில் இடம் நெருக்கடி. ஓவன் மேல் ரொட்டிப் பாக்கெட், பக்கத்தில் பிஸ்கட் பெட்டி, சில கடைகளில் பஜ்ஜி அடுப்பும் அருகிலேயே. காற்று போக வழியில்லை. பக்கங்களிலும் பின்னாலும் 10 செ.மீ., மேலே 20 செ.மீ. இடம் விடும்படி பல கையேடுகள் கூறுகின்றன. உங்கள் ஓவனின் கையேட்டில் உள்ள அளவைக் கடைப்பிடியுங்கள். காற்றுத் துளைகளில் படிந்த மாவுத் தூசியை வாரம் ஒருமுறை துடையுங்கள். உள்ளே எதுவும் இல்லாமல் ஓட்டாதீர்கள். ஃபேன் சத்தமே கேட்கவில்லை என்றால் உடனே நிறுத்திவிடுங்கள்.

பழுதில்லாமலே பழுதுபோல் தெரிவதும் உண்டு. சூட்டின் அளவைக் குறைத்து வைத்தால், பல ஓவன்களில் மாக்னெட்ரான் விட்டு விட்டுத்தான் வேலை செய்யும். ரீங்காரம் வந்து வந்து போகும். மெக்கானிக்கை அழைக்கும் முன் அளவு முழுமையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நாமே செய்யும் சோதனை

கண்ணாடிப் பாத்திரத்தில் 1 லிட்டர் தண்ணீர் எடுத்து, வெப்பமானியால் அளந்து, முழு அளவில் 1 நிமிடம் சூடாக்குங்கள். கலக்கிவிட்டு மறுபடி அளவுங்கள். ஏறிய ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 70 வாட் என்று கணக்கு. 10 டிகிரி ஏறினால் 700 வாட். ஓவனில் குறித்திருக்கும் வெளியீட்டு வாட்டில் பாதிகூட வராவிட்டால் ஒன்று வோல்டேஜ் குறைவு, இல்லையேல் உள்ளே கோளாறு.

செய்யவே கூடாதது

ஓவனின் மேல் மூடியை நாமோ கடைப் பையனோ கழற்றவே கூடாது. உள்ளிருக்கும் மின்தேக்கியில் 2,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கக்கூடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது தங்கியிருக்கும். தொட்டால் உயிருக்கே ஆபத்து. பயிற்சி பெற்ற மெக்கானிக் மட்டுமே கைவைக்க வேண்டும்.

பாதியில் நின்ற பண்டத்தை அப்படியே கொடுப்பதும் தவறு. மேலே சுட்டாலும் உள்ளே குளிர்ந்திருக்கலாம். உணவின் நடுப்பகுதி 70 டிகிரியை எட்ட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வாடிக்கையாளரின் வயிறு கெட்டால் கெடுவது நம் கடையின் பெயர்.

புதிதாக வாங்குவோர், கடை உபயோகத்திற்கு உத்தரவாதம் உண்டா என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வீட்டு உபயோக ஓவன்களுக்குப் பல உத்தரவாத அட்டைகள் கடை உபயோகத்தை ஏற்பதில்லை. மெக்கானிக் வரும்போது, எத்தனை நிமிடத்தில் நின்றது, திரை எரிந்ததா, அப்போது வேறு என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று எழுதி வைத்ததைக் காட்டுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். ரசீதில் பாகத்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள். சரக்கு இறக்கும்போது மூட்டை எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடும் நாம், இதிலும் அதே கணக்கைக் கடைப்பிடிப்போம்.