நறுக்கிய கீரையும் கழுவும் நீரும்

நன்றாகக் கழுவிவிட்டால் கீரையின் தோஷமெல்லாம் நீங்கிவிடும் என்ற நம்பிக்கை எத்துணைப் பலவீனமானது என்பதை, 2006-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அமெரிக்க மக்கள் பெருந்துயரத்தினிடையே அறிந்துகொண்டார்கள். ஆலையிலேயே கழுவிப் பையில் அடைத்து, பிரித்த மாத்திரத்தில் உண்ணலாம் என்று விற்கப்பட்ட பசலைக்கீரையால் 26 மாநிலங்களில் 199 பேர் நோயுற்றனர், 31 பேருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது, மூவர் மாண்டனர். காரணமான ஈ.கோலை ஓ157 என்னும் கிருமி, கலிபோர்னியாவின் சான் பெனிட்டோ வட்டாரத்துப் பண்ணையொன்றில், மாட்டுச் சாணத்திலும் காட்டுப்பன்றியின் எச்சத்திலும் ஆற்றுநீரிலும் பின்னர் அகப்பட்டது.

கழுவியும் கிருமி தங்கியது எவ்வாறு? கத்தி பட்ட விளிம்பில் உயிரணுக்கள் உடைந்து சாறு கசிகிறது. அந்தச் சாறே கிருமிக்கு ஆகாரம், அந்த வெட்டுவாயே அதற்குப் புகலிடம். இலையின் சுவாசத் துவாரங்களிலும் அது புகுந்துகொள்ளும். ஒருமுறை ஒட்டிக்கொண்டபின், நூற்றுக்குத் தொண்ணூறு முதல் தொண்ணூற்றொன்பது பங்கு வரைதான் கழுவலில் நீங்குகிறது. லட்சம் கிருமிகள் இருந்த இடத்தில் ஆயிரமாவது எஞ்சும். இந்த இனமோ நூற்றுக்கும் குறைவாகவே உடலுள் சென்றாலும் ஒருவரைப் படுக்கையில் தள்ள வல்லது.

அப்படியானால் ஆலைத் தொட்டியில் குளோரின் கலப்பதன் பிரயோஜனம் என்ன என்று கேட்கலாம். பிரதான பிரயோஜனம் இலையைக் காட்டிலும் நீரைப் பற்றியது. ஒரே நீரில் பல வயல்களின் கீரை மிதந்து செல்லும்போது, ஓர் இலையினின்று கழன்ற கிருமி மற்ற ஆயிரம் இலைகளில் ஏறிவிடாதபடி, நீரிலேயே அதனைக் கொல்லுவதற்காகவே குளோரின். ஆனால் மண்ணும் இலைச்சாறும் கலக்கக் கலக்கக் குளோரின் செலவழிந்து போகிறது. நீரின் பிஎச் அளவு 7.5-ஐத் தாண்டினால் அதன் வீரியம் குன்றுகிறது, மிகத் தாழ்ந்தாலோ நச்சுவாயு கிளம்புகிறது. ஆகையால் தொட்டியருகே நின்று இவ்விரண்டையும் இடைவிடாது அளந்து வருபவரின் சிரத்தையில்தான் அநேகருடைய ஆரோக்கியம் அடங்கியிருக்கிறது என்பது என் துணிபு.

2007-இல் கலிபோர்னிய விவசாயிகள் பாசன நீரைப் பரிசோதிக்கவும், கால்நடைகளினின்று வயலை விலக்கி வைக்கவும் தமக்குள் உடன்படிக்கை செய்துகொண்டது சரியான இடத்தில் தொடங்கிய முயற்சி. வயலில் சேராத கிருமியை ஆலையில் துரத்த வேண்டியதில்லை அல்லவா? கதிர்வீச்சினால் பசலைக்கீரையைச் சுத்திசெய்ய 2008-இல் அனுமதியும் கிடைத்தது. ஐந்து டிகிரிக்கு மேற்படாத குளிர்ச்சி ஈ.கோலையின் பெருக்கத்தைத் தடுக்கும். ஆயினும் லிஸ்டீரியா என்னும் மற்றொரு கிருமி அக்குளிரிலும் மெல்ல வளரக்கூடியது. முற்றிலும் கொல்லவல்லது வெப்பமே: 71 டிகிரியில் பதினைந்து விநாடி வெந்தால் ஓ157 மடிந்துவிடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2006-இலேயே அறிவித்தது. குழந்தைகளும் முதியோரும் கர்ப்பிணிகளும் உள்ள வீடுகளில், பையில் வந்த கீரையைப் பச்சையாகப் பரிமாறுவதைவிட அடுப்பில் ஒரு கொதி காட்டுவதே உசிதம்.