கழுக்குன்றத்துக்கு ஒரு பகல்

பட்சி தீர்த்தம் என்கிற திருக்கழுக்குன்றத்துக்குப் போவதென்றால் தாம்பரத்தில் ஒரு காலத்தில் உட்கார்ந்து திட்டம் போட வேண்டியதே இல்லை. இரண்டு கழுகுகள் அதைப் போட்டு வைத்திருந்தன. உச்சிப்பொழுதை ஒட்டி அவை திருக்கழுக்குன்றம் மலைமேல் வந்து இறங்கும். அதற்குள் நாம் மேலே இருந்தாக வேண்டும். அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் மற்றதெல்லாம் தானாக அமைந்துவிடும். பதினொன்றரைக்குள் படி ஏறி முடிக்க வேண்டும். அதற்கு முன்னால் சங்கு தீர்த்தத்தில் குளித்திருக்க வேண்டும். அதற்குச் செங்கல்பட்டில் காலையிலேயே பேருந்து பிடிக்க வேண்டும். ஆகவே தாம்பரத்தில் விடியற்காலை ரயில். புளிசாதமும் தயிர்சாதமும் கட்டுவதற்கு வீட்டில் நான்கு மணிக்கே அடுப்பு எரியும்.

1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர்கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. ஆனால் அது தாம்பரத்தோடு நின்றுவிட்டது. அதற்கப்பால் தெற்கே போகிறவர்களுக்குப் பல ஆண்டுகள் நீராவி வண்டிதான். இன்னும் அரைமணி, முக்கால்மணிப் பயணம் இருக்கிறது என்றாலும் தாம்பரம் தாண்டியதுமே வெளியூர் வந்துவிட்டதாகத் தோன்றும். பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி, காட்டாங்குளத்தூர், சிங்கப்பெருமாள் கோயில் என்று ஒவ்வொரு பெயருக்கும் நடுவில் வயலும் ஏரியும் பனைமரமும் வந்துகொண்டிருக்கும். செங்கல்பட்டை நெருங்கும்போது கொளவாய் ஏரி தண்டவாளத்தின் ஓரத்துக்கே வந்து நிற்கும். அங்கிருந்து திருக்கழுக்குன்றம் பதினைந்து கிலோமீட்டருக்குள்.

ஊருக்குள் இறங்கியதும் முதலில் தீர்த்தம். மார்க்கண்டேயர் பூசைக்குப் பாத்திரம் இல்லாமல் நின்றபோது குளத்திலிருந்து சங்கு ஒன்று வெளிவந்தது என்பது தலபுராணம். அன்றிலிருந்து 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்த நன்னீர்க் குளத்தில் சங்கு பிறப்பதாக நம்பிக்கை. 2011இலும் பிறகு 2024இலும் சங்கு கிடைத்தது. அந்தச் செய்தி வந்ததும் சுற்றுவட்டார ஊர்களெல்லாம் திரண்டு வந்தன. சங்குகள் அடிவாரத்திலுள்ள பக்தவத்சலேசுவரர் கோயிலுக்குப் போய்ச் சேர்கின்றன. கார்த்திகை கடைசிச் சோமவாரத்தில் 1,008 சங்குகளால் அபிஷேகம் நடக்கிறது. குளத்தில் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், நீராடி மலையை வலம் வந்தால் தீராத நோய் தீரும், கலங்கிய மனம் தெளியும் என்பார்கள். அதற்காகக் குடும்பத்தில் ஒருவரை அழைத்துவந்து இங்கேயே அறை எடுத்துத் தங்கி, நாள் தவறாமல் விடியலில் குளத்தில் இறக்கிவிட்டவர்கள் உண்டு. மருந்தில் தீராதது தண்ணீரில் தீருமா என்று நான் வாதாடப் போவதில்லை. மனம் குலைந்த ஒருவருக்காகக் குடும்பமே வேலையை விட்டுவிட்டு 48 நாள் ஓர் ஊரில் உட்கார்ந்தது என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

பிறகு மலை. 550க்கும் மேற்பட்ட படிகள். வெயில் ஏறுவதற்குள் ஏறினால் பரவாயில்லை, தாமதித்தால் கல் சுடும். உச்சியில் வேதகிரீசுவரர். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். மாணிக்கவாசகரும் பாடியிருக்கிறார். மலைச் சரிவில் பல்லவர் குடைந்த ஒருகல் மண்டபம் இருக்கிறது. அதன் சுவரையும் தூணையும் பார்த்துவிட்டு வர வேண்டும், ஏனென்றால் 17ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள் தங்கள் பெயரையும் ஆண்டையும் அதில் வெட்டிவைத்துப் போயிருக்கிறார்கள். அருகிலிருந்த சதுரங்கப்பட்டினத்தில் துணி வாங்கிக் கப்பலேற்றிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அங்கிருந்து கிளம்பி, மலையேறி, மாலைக்குள் திரும்பியிருப்பார்கள். ஒருநாள் பயணமாக இந்த மலைக்கு வருவது அவ்வளவு பழையது. கோயில் சுவரில் பெயர் கீறுவதும் அவ்வளவு பழையதுதான். அதை மட்டும் நாம் தொடர வேண்டாம்.

உச்சிப்பொழுதில் பூசகர் சர்க்கரைப் பொங்கலோடு ஒரு பாறைமேல் உட்காருவார். சுற்றிலும் குடைபிடித்தும் தலையில் துண்டு போட்டும் கூட்டம் காத்திருக்கும். வானத்தில் முதலில் ஒரு புள்ளி. பிறகு இன்னொன்று. வெள்ளை உடல், சிறகோரத்தில் கறுப்பு, மஞ்சள் முகம். பறவையியலார் மஞ்சள்முகப் பாறு என்பார்கள், ஊரில் பாப்பாத்திக் கழுகு என்பார்கள். கோழியைவிடச் சற்றே பெரிதான அந்த இரண்டும் தத்தித் தத்தி வந்து பொங்கலைக் கொத்தும். சாபம் பெற்ற முனிவர்கள் யுகத்துக்கு இருவராகப் பறவை வடிவில் வழிபடுகிறார்கள், கலியுகத்துக்குச் சம்புவும் ஆதியும் என்பது கதை. காலையில் கங்கையில் குளியல், பகலில் இங்கே உணவு, இரவுக்கு ராமேஸ்வரம் என்று சிலர் சொல்வார்கள், சிதம்பரம் என்று சிலர். என்றைக்காவது அவை வராவிட்டால் கூட்டத்தில் யாரோ பாவி இருப்பதாகப் பேச்சு கிளம்பும். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காமல் தன்னையே ஒருகணம் எண்ணிக்கொள்வார்.

1990களில் அவை வருவது நின்றுபோனது.

அந்தப் பத்தாண்டில்தான் இந்தியா முழுவதும் பாறுகள் சரிந்தன. மாடுகளின் வலிக்கும் வீக்கத்துக்கும் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபெனாக் என்ற மலிவான மருந்து, செத்த மாட்டின் உடலில் தங்கி, அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்தது. பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004இல் இதை உறுதிசெய்தது. வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அதற்குள் போய்விட்டன. மஞ்சள்முகப் பாறுகளும் வேகமாகக் குறைந்தன. உலகளவில் அழியும் ஆபத்திலுள்ள இனமாக 2007இல் அவை பட்டியலில் ஏறின. கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் கொடுப்பதை இந்தியா 2006இல் தடைசெய்தது. அதைப் போலவே கெடுதல் செய்யும் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டுக்கும் 2023இல் தடை வந்தது. தமிழ்நாட்டில் பாறுகள் இன்னும் கூடு கட்டி வாழும் இடம் என்று சொல்ல முதுமலையும் சத்தியமங்கலமும் சேர்ந்த மாயாறு பள்ளத்தாக்கு இருக்கிறது.

பாவி யார் என்று கூட்டத்துக்குள் தேடியவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றும். தலைமுறை தலைமுறையாக ஒரு மலைமேல் மனிதர் கையிலிருந்து உணவு வாங்கிய பறவைகள் அவை. அந்தப் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கதையாகத்தான் சொல்ல முடிகிறது என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

கழுகுகள் போனதும் பயணத்தின் கணக்கும் மாறிப்போனது. பன்னிரண்டு மணிக்கு மேலே இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்றானபின், ஒன்பது மணிக்குக் கிளம்பலாம், பத்துக்குக் கிளம்பலாம். காரில் போனால் ஒரு மணிநேரம் என்கிறது கைப்பேசி. ஞாயிற்றுக்கிழமை பெருங்களத்தூரையும் வண்டலூரையும் கடக்கவே அதில் பாதி போய்விடும். ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் முன்பு ஊருக்கும் ஊருக்கும் இடையில் இருந்த வெளி இப்போது இல்லை. வண்டலூருக்கு 1985இல் உயிரியல் பூங்கா வந்தது. மறைமலை நகர்ப் பக்கம் கார்த் தொழிற்சாலை வந்து, வளர்ந்து, மூடியும்விட்டது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் திறந்தார்கள். தாம்பரத்திலும் பெருங்களத்தூரிலும் நின்று தென்மாவட்டப் பேருந்து பிடித்தவர்கள் இப்போது அங்கே போகிறார்கள். 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானது, 2021இல் தாம்பரம் மாநகராட்சியானது. வெளியூர் எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் பரனூர் சுங்கச்சாவடியைக் காட்டலாமோ என்னவோ.

மேடவாக்கம், பள்ளிக்கரணை, சோழிங்கநல்லூர்ப் பக்கம் குடியேறியவர்களுக்கு வழியே வேறு. அவர்கள் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போய், மதியச் சாப்பாட்டை முடித்து, நேரம் இருந்தால் உள்ளே பதினைந்து கிலோமீட்டர் வந்து மலையை எட்டிப் பார்க்கிறார்கள். அவர்கள் வரும் நேரத்தில் நடை சாத்தியிருக்கும், படியில் கால் வைக்க முடியாத சூடு இருக்கும். கீழேயிருந்து ஒரு படம், குளத்தங்கரையில் ஒரு படம், அவ்வளவுதான். முன்பு நாள் முழுவதற்கும் இதுதான் ஊர், மாமல்லபுரம் நேரமிருந்தால். இன்று அது தலைகீழாகிவிட்டது.

இங்கிலாந்தில் பாத் என்று ஒரு நகரம் உண்டு. லண்டனிலிருந்து ரயிலில் ஒன்றரை மணிநேரம். 46 பாகை வெந்நீர் ஊற்றைச் சுற்றி ரோமானியர் கட்டிய குளியல்கூடத்தைப் பார்க்க ஒருநாள் பயணமாக உலகமே வருகிறது. அந்தப் பழைய குளத்தில் யாரும் இறங்க முடியாது. நீரில் இருந்த அமீபாவால் ஓர் இளம்பெண் இறந்தபின் 1978இல் ஊற்றுநீரில் குளிப்பதை நிறுத்தினார்கள். அதே வெந்நீரைச் சுத்தப்படுத்தி மக்கள் குளிக்கப் புதுக் கூடம் திறக்க 2006 ஆகிவிட்டது. நடுவில் 28 ஆண்டுகள், குளியலின் பெயரையே தாங்கிய ஊரில் அந்தத் தண்ணீரில் குளிக்க வழியில்லை. நமக்கு அந்த நிலை இல்லை. சங்கு தீர்த்தத்தின் படிகள் திறந்தேதான் இருக்கின்றன. இறங்குகிற ஆள்தான் குறைந்துவிட்டது.

பாத் நகரை நான் இங்கே இழுத்ததற்குக் காரணம் உண்டு. தாம்பரத்தையே உடம்பு தேறும் ஊராகப் பார்த்த ஒருவர் அந்த நகரம் இருக்கும் சாமர்செட் பகுதியிலிருந்துதான் வந்தார். டாக்டர் சௌரி முத்து அங்கே மெண்டிப் குன்றுகளில் காசநோய் சானடோரியம் நடத்தியவர். நல்ல காற்று, ஓய்வு, உணவு இவற்றால் காசநோயை எதிர்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் 1928இல் தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். 1937இல் அது அரசுக்குப் போனது. இன்று ரயில் நிலையத்தின் பெயராக நாம் நாள்தோறும் உச்சரிப்பது அதைத்தான். அதே இடத்தில் 2005இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் வந்தது. ஆக, பட்டணத்திலிருந்து உடம்பைத் தேற்றிக்கொள்ள ஒருகாலத்தில் தாம்பரத்துக்கு வந்தார்கள். அந்தக் காற்றை இன்று சானடோரியம் நிலையத்து நடைமேடையில் தேட வேண்டியிருக்கிறது.

காற்றைப் போலத்தான் தண்ணீரும். சேலையூர், செம்பாக்கம், சிட்லப்பாக்கம், பீர்க்கன்காரணை, இரும்புலியூர் என்று ஏரிகளின் பெயரைச் சொன்னால் பேருந்து நிறுத்தங்களின் பெயராகவும் இருக்கும், அவ்வளவு ஏரி உள்ள பகுதி இது. இந்த ஊர்ப் பிள்ளைகள் அவற்றில் நீச்சல் பழகியது நினைவிருக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்போதைய பிள்ளைக்கு ஏரி என்றால் கரையில் நடைபாதை, இல்லாவிட்டால் 2015 டிசம்பரில் முடிச்சூருக்குள் வந்த வெள்ளம். படியில் இறங்கி முழங்கால் நீரில் நிற்பது என்ற எளிய அனுபவம் அதற்குக் கிடைக்கவே இல்லை. அதனால்தான் கழுக்குன்றத்துக்கு ஒரு பகல் முழுக்கக் கொடுக்க வேண்டும் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கழுகுகள் இல்லாத இடத்தில் குளத்தை வைத்துக் கணக்குப் போடலாம்.

காரை வீட்டில் விட்டுவிட்டு, தாம்பரத்தில் ஆறு மணியை ஒட்டிய செங்கல்பட்டு ரயிலில் ஏறுங்கள். எதிர்த்திசை என்பதால் காலையில் உட்கார இடம் கிடைக்கும். கொளவாய் ஏரி வரும்போது பிள்ளையை ஜன்னலோரம் உட்காரவையுங்கள். செங்கல்பட்டில் திருக்கழுக்குன்றம் பேருந்து அடிக்கடி உண்டு. ஊரில் இறங்கியதும் சிற்றுண்டி. பிறகு சங்கு தீர்த்தம், குளிக்க மனமில்லாவிட்டாலும் படியில் இறங்கிக் கால் நனைத்து, அரைமணி நேரமாவது உட்காருங்கள். மழைக்குப் பிறகு போனால் நீர் நிறைந்திருக்கும், கடைசிப் படிகளில் பாசி வழுக்கும், பெரியவர்களைக் கை கொடுத்து இறக்க வேண்டும். வெயிலுக்கு முன் மலை. முழங்கால் வலி உள்ளவர்கள் ஏற வேண்டிய அவசியமே இல்லை, அடிவாரத்திலுள்ள தாழக்கோயிலின் பிராகாரங்களும் கோபுரங்களும் அவர்களுக்கு ஒரு முற்பகலுக்குப் போதும். இறங்கும்போது ஒருகல் மண்டபம். உச்சிப்பொழுது நெருங்கும்போது இன்னும் மலைமேல் இருந்தால், அந்தப் பாறை எது என்று கேட்டு, பிள்ளையிடம் கழுகுகளின் கதையைச் சொல்லுங்கள், மாட்டுக்குப் போட்ட மருந்தின் கதையையும் சேர்த்து.

மாமல்லபுரத்தை அன்றைக்குச் சேர்க்காதீர்கள். அதற்கு வேறொரு நாள் வேண்டும், கடற்கரைக் கோயிலை அவசரமாகப் பார்ப்பதில் பொருளில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு நிழலில் இருந்து, மாலையில் நடை திறந்ததும் திரிபுரசுந்தரி அம்மனைக் கும்பிட்டுவிட்டு, முடிந்தால் மலையை ஒரு சுற்று நடந்துவிட்டுக் கிளம்பலாம். பௌர்ணமியிலும் சித்திரைத் திருவிழாவிலும் கார்த்திகைச் சோமவாரங்களிலும் பேருந்தில் கால் வைக்க இடம் இருக்காது. கூட்டத்தோடு போவதில் சுகம் காண்பவர்களுக்கு அவையே நல்ல நாள்கள். சிறு பிள்ளைகளும் வயதானவர்களும் உடன் வருவதானால் வாரநாளாகப் பார்த்து, திரும்பும்போது செங்கல்பட்டில் புறப்படும் மின்சார ரயிலையே பிடியுங்கள். அங்கிருந்தே கிளம்புவதால் தாம்பரம் வரை உட்கார்ந்து வரலாம்.