வெறுங்காலில் தொடங்கிய ஓட்டம்



மதுரைக்குக் கிழக்கே சக்கிமங்கலம் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரில், தாய் தந்தையரை இளவயதிலேயே இழந்த இரு பேத்திகளை ஆரம்மாள் என்னும் மூதாட்டி வளர்த்து வந்தார். கூலி வேலையே அவருடைய பிழைப்பு. "பெண் பிள்ளைகளுக்குப் படிப்பு எதற்கு? செங்கற்சூளைக்கு அனுப்பு" என்ற பேச்சு அவர் காதில் விழாமல் இல்லை. ஆனால் அவர் பேத்திகளைப் பள்ளிக்கே அனுப்பினார்.

அப்பேத்திகளுள் ஒருவர் ரேவதி. பள்ளி மாணவியாகக் காலணியின்றி ஓடிக்கொண்டிருந்த அவரைப் பயிற்சியாளர் கண்ணன் கண்டார். பயிற்சிக்கு அனுப்பும்படி அவர் கேட்டபோது, பாட்டி முதலில் இசையவில்லை. பொறுமையாக எடுத்துரைத்து அவரை இணங்கச் செய்த கண்ணன், லேடி டோக் கல்லூரியில் பேத்திக்கு இடமும் விடுதி வசதியும் கிடைக்க வழிசெய்தார். 2021 ஜூலையில் அந்தப் பெண் டோக்கியோ ஒலிம்பிக் களத்தில் இந்தியாவிற்காக ஓடினார்!

ஒரு சிற்றூரிலிருந்து ஒலிம்பிக் களத்திற்குச் செல்லும் இந்தப் பாதையை அமைத்தவர் யார்? அதைச் சற்றே பின்னோக்கிப் பார்ப்போம்.

பாதை பிறந்த வரலாறு

1881-இல் பசுமலையில் தொடங்கப்பெற்ற அமெரிக்கன் கல்லூரி, பின்னர் கோரிப்பாளையம் பகுதிக்கு இடம்பெயர்ந்தது. 1920-இல் ஹாரி குரோ பக் என்பவர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். விளையாட்டைக் கற்பிப்பதும் ஒரு கல்வியே என்னும் எண்ணம் அதனால் வேரூன்றியது. பெண்களுக்கென 1948-இல் கேட்டி வில்காக்ஸ் அம்மையார் லேடி டோக் கல்லூரியைத் தொடங்கினார். ஃபாத்திமா கல்லூரி 1953-இல் எழுந்தது.

ஆயினும் அந்நாளில் இக்கல்லூரிகள் யாவும் சென்னைப் பல்கலைக்கழகத்தையே சார்ந்திருந்தன. பல்கலைக்கழக அணியில் இடம்பெற விரும்பிய மதுரை மாணவர், மாகாணம் முழுவதிலுமிருந்து வந்த மாணவரோடு போட்டியிட வேண்டியிருந்தது.

1966-இல் மதுரைப் பல்கலைக்கழகம் உருவானதும் நிலை மாறியது. மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய தென்மாவட்டக் கல்லூரிகள் அதன் கீழ் வந்தன. 1978-இல் அது மதுரை காமராசர் பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்றது. 1990-இல் நெல்லையில் தனிப் பல்கலைக்கழகம் தோன்றியபின் அதன் எல்லை சுருங்கியது. இன்று மதுரை, திண்டுக்கல், தேனி, விருதுநகர் மாவட்டக் கல்லூரிகளே அதன் குடும்பம். நம் சமுதாயப் பெரியவர் முயற்சியால் 1956-இல் உருவான உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரியும், மதுரை வக்ஃபு வாரியக் கல்லூரியும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவையே.

ஏணியின் படிகள்

இதன் நடைமுறை எளியது. முதலில் கல்லூரிகளுக்கிடையே போட்டிகள் நடைபெறும். அவற்றில் திறம் காட்டுவோரிலிருந்து பல்கலைக்கழக அணி தேர்ந்தெடுக்கப்படும். அவ்வணி தென்மண்டலப் போட்டியிலும், பின்னர் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டியிலும் கலந்துகொள்ளும். ஆண்டு முழுவதும் சிறந்து விளங்கும் பல்கலைக்கழகத்திற்கு வழங்கப்படும் கோப்பை யார் பெயரால் அமைந்தது தெரியுமா? நாட்டின் முதல் கல்வி அமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆசாத் அவர்களின் பெயரால்! 1956-57 முதல் அது வழங்கப்பட்டு வருகிறது.

இந்த ஏணியால் என்ன பயன் என்று தாங்கள் கேட்கலாம். டோக்கியோவில் ரேவதி பதக்கம் பெறவில்லை. அனஸ், சுபா, ஆரோக்கிய ராஜீவ் ஆகியோருடன் அவர் ஓடிய கலப்புத் தொடரோட்ட அணி, 3 நிமிடம் 19.93 வினாடியில் ஓடி, தகுதிச் சுற்றிலேயே தன் பிரிவில் கடைசியாக வந்தது. ஆனால் ஏழைப் பேத்திக்குக் கல்லூரிப் படிப்பு கிடைத்தது. இரயில்வேயில் வேலை கிடைத்தது. பாட்டிக்கு முதுமையில் ஓர் ஆதரவு கிடைத்தது. பதக்கத்தைக் காட்டிலும் இவை சிறியனவா?

நம் இல்லங்களில்...

இனி, நம் இல்லங்களைப் பார்ப்போம். பள்ளியில் பரிசுக் கோப்பையோடு வரும் மகளைக் கண்டு மகிழ்கிறோம். அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும், "இனிப் போதும்" என்று முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறோம். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு கல்லூரி இடம் அவளுக்குக் காத்திருக்கக்கூடும் என்பதைப் பலர் விசாரிப்பதுகூட இல்லை.

உடையைப் பற்றிய தயக்கம் இயல்பானதே. ஆனால் பஹ்ரைன் நாட்டின் ருகையா அல் கஸரா, தலையை மறைத்து முழு உடையணிந்தே ஓடி, 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். கால்பந்தில் 2014-லும் கூடைப்பந்தில் 2017-லும் தலைத்துணிக்கு உலக அமைப்புகளே இசைவளித்துவிட்டன. முன்பு மூடியிருந்த கதவுகள் திறந்துவிட்டன. நாம்தான் இன்னும் அவற்றைத் தட்டிப் பார்க்கவில்லை.

எனவே பெற்றோர்களே, மறுப்பதற்கு முன் கல்லூரிக்கு ஒருமுறை நேரில் செல்லுங்கள். உடற்கல்வி ஆசிரியை இருக்கிறாரா? வெளியூர்ப் போட்டிகளுக்கு உடன் செல்பவர் யார்? எங்கே தங்க வைப்பார்கள்? தவறிய வகுப்புகளை எவ்வாறு ஈடுசெய்வார்கள்? என்ன உடை அணியலாம்? இவை அனைத்தையும் தயங்காமல் கேளுங்கள். கேட்பது பெற்றோரின் உரிமை. பதில் மனநிறைவு தரவில்லையெனில் மறுத்துவிடுங்கள். கேளாமலேயே மறுப்பதுதான் பிள்ளைக்கு இழைக்கும் அநீதி.

ஆரம்மாளும் அஞ்சினார். ஆயினும் வாசலுக்கு வந்த பயிற்சியாளர் சொன்னதைச் செவிமடுத்தார்; பின்னர் "சரி" என்றார். உங்கள் வீட்டு வாசலிலும் ஒருநாள் அப்படியொருவர் வந்து நிற்கலாம். அன்று அவர் சொல்வதைக் கேட்டுப் பாருங்கள்!